பொரியாத கடுகு

நம்ம செட்டுல எல்லாருமே இப்போ ஊட்டுக்குள்ளயே செருப்புப் போட்டுட்டுத்தான் நடக்கறோம், இல்லைங்களா? நானுந்தான். குதிகால் வலிக்குதுன்னு போனேன், டாக்டரம்மா மெத்து மெத்துன்னு ஒரு ரப்பர் செருப்பை எழுதிக் குடுத்துட்டாங்க. சாமி ரூமுக்குள்ள அதோடயே போயிட்டு நாக்கைக் கடிச்சுக்கறேன். ஆனா ஒரு நிமிசம் யோசிச்சுப் பாருங்க, பத்து வயசுல நம்ம பாதம் என்ன லட்சணத்துல இருந்துச்சு? எருமைத்தோலு தோத்துப் போகும். ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல மணல் தடம்னு இட்டேரி ஒன்னு ஊருக்கு ஊரு இருந்துச்சே, அதுல வெறுங்காலோட ஓடுவோம். வேலமுள்ளு குத்தாத நாளே கெடையாது. குத்துனா அங்கயே குத்த வெச்சு உக்காந்து, பாவாடையில இருக்கற ஊக்கை எடுத்து நோண்டிப்போட்டு, எருக்கம்பால் ஒரு சொட்டு உட்டுட்டு, போயிட்டே இருப்போம். ஆம்பளைங்க அரைஞாண் கயித்துல முள்வாங்கி தொங்கும். என் பேரன்கிட்ட முள்வாங்கின்னேன், அது போன்ல வர்ற ஆப்புங்களாங்கறான்.

அப்படி ஒரு முள்ளுதான் எங்க அத்தையோட காலை எடுத்துட்டுப் போச்சு. ஆனா அந்த வருசம் எங்க ஊட்டுல யாரும் முள்ளைப் பத்திப் பேசல. பேசி இருக்க வேண்டியவரு வாயைத் தொறக்கல. அதைத்தான் இப்போ சொல்லப் போறேன். கேட்டுப்போட்டு ராத்திரி தூக்கம் வரலைன்னு என்னைத் திட்டாதீங்க.

பெருமாநல்லூர்ல இருந்து உள்ள போற தடத்துல எங்க தோட்டம். கெணத்துல தண்ணி கீழ போகப் போக, அப்பா மாடு கட்டற சாளையைப் பெருசு பண்ணி தையல் மிஷினாப் போட்டு, பனியன் கம்பெனின்னு போர்டு எழுதி மாட்டிட்டாரு. பக்கத்துல வரிசையா லைன் ஊடு கட்டி, வேலைக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு உட்டாரு. அத்தைங்கறது அப்பாவோட கடைசித் தங்கச்சி. பெத்தவங்க சின்னதுலயே போய்ச் சேர்ந்துட்டதால அப்பாதான் தூக்கி வளர்த்தாரு. அத்தை மிஷினை மிதிச்சா சத்தம் ஒரே சீரா வரும், அதைக் கேட்டுட்டே நான் வேஸ்ட் துணிக் குவியல் மேல தூங்கிப் போயிருவேன். அந்த ஆவணியில அவங்களுக்குக் கல்யாணம்னு மடத்துக்குளத்துப் பக்கம் ஒரு எடம் பேசி முடிச்சிருந்தாங்க.

அத்தையோட வலது கால்ல, பெருவெரலுக்குக் கொஞ்சம் பின்னால ஒரு கட்டி. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்தே இருந்துச்சு. சுண்டைக்காய் அளவுல இருந்தது நெல்லிக்காயாச்சு. நான் சொல்ற அந்தக் கோடை லீவுல எலுமிச்சம்பழம் ஆட்ட ஆயிப்போச்சு. அமுக்கினா கல்லு.

"வலிக்குதுங்களா அத்தை?"

"இல்ல கண்ணு. அது பாட்டுக்கு இருக்குது."

வலிக்காததுதான் கோளாறே. வலிச்சிருந்தா அன்னைக்கே கத்திக் கூப்பாடு போட்டு, எங்கியாச்சும் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. வலிக்காத சீக்கு ஊட்டுக்கு வந்த ஒறம்பரை மாதிரி, மெதுவாக் கட்டிலைப் புடிச்சுக்கும்.

சித்திரையில ஒரு நாள் கட்டி மேல சின்னதா ஒரு கண்ணு தொறந்துச்சு. தண்ணியாட்ட ஏதோ வடிஞ்சுது. கம்பெனியில வெள்ளைத் துணிக்கா பஞ்சம்? கட்டிங் வேஸ்ட்டுல நல்ல துண்டாப் பொறுக்கிக் கட்டு போட்டுக்கிட்டாங்க. மறுநாள் கட்டை அவுத்தப்போ பக்கத்துல நாந்தான் இருந்தேன். வெள்ளைத் துணியில கறுப்புக் கறுப்பா, கடுகு கடுகா ஒட்டிட்டு இருந்துச்சு. எறும்போன்னு பார்த்தா அசையல. ஒன்னை எடுத்து வெரல்ல உருட்டிப் பார்த்தேன். நெறுநெறுன்னு இருந்துச்சு. அத்தை காலுக்குள்ள இருந்துதான் வந்துதுன்னு மண்டைக்கு ஏறினதும் கையைப் பாவாடையில தேய்ச்சேன் பாருங்க, துணியே கிழிஞ்சு போகற மாதிரித் தேய்ச்சேன்.

அம்மா வந்து பார்த்தாங்க. அப்புறம் கொரலைத் தாழ்த்திட்டுக் கேட்டாங்க.

"கண்ணு, எதையாச்சும் மிதிச்சியா?"

அத்தை யோசிச்சாங்க. "போன மாசம் பால் ஊத்தப் போறப்போ மூனு ரோட்டுல ஒரு கழிப்பு கெடந்துச்சுங்க அண்ணி. தாண்டாம சுத்திப் போலாம்னுதான் பார்த்தேன். கால் பட்டுருச்சு."

கழிப்புன்னா நம்ம செட்டுக்கு வெளக்க வேண்டியதில்லை. கொழந்தைக்குக் கண்ணு பட்டா உப்பு, மொளகா, கடுகு எல்லாத்தையும் சுத்தி எடுத்து, மூனு ரோடு சேர்ற எடத்துல கொண்டுபோய்க் கொட்டறது. தாண்டக் கூடாது, மிதிக்கக் கூடாது. கொட்டினவங்களை உட்டது மிதிச்சவங்களை ஒட்டிக்கும்னு சொல்லிச் சொல்லியே நம்மளை வளர்த்தாங்க. இன்னைக்கும் மூனு ரோட்டுல மொளகாயைப் பார்த்தா என் கால் தானா ஒதுங்குது.

வருசக்கணக்கா இருந்த கட்டிக்குப் போன மாசக் கழிப்பு எப்படிக் காரணமாகும்னு யாரும் கேக்கல. அடுத்த கேள்வி, கொட்டினது யாருன்னு. அதுக்கு அம்மாவுக்கு யோசனையே தேவைப்படல. லைன் ஊட்டுல கடைசி ரூம்ல இருந்தாங்களே ஒரு அக்கா, அவங்கதான்னுட்டாங்க. மதுரைப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவங்க. பெரியவங்க எல்லாம் தெக்கத்தியாம்பாங்க, நாங்க தெக்கத்தி அக்காம்போம். புருசன் டையிங்குக்கு, அதாங்க சாயப்பட்டறைக்கு, போயிட்டு ஒரு நாள் பச்சைக் கையோட வருவாரு, ஒரு நாள் செவப்புக் கையோட வருவாரு. அக்கா எங்க கம்பெனியிலயே செக்கிங். பனியனைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சாங்கன்னா ஊசி ஓட்டை கூடத் தப்பாது. இடுப்புல ஒரு கைக்கொழந்தை. அதுக்கு செவ்வாக்கெழமையானா சுத்திப் போடுவாங்க, உண்மைதான். எங்க அம்மாவும் எனக்குச் சுத்தி அதே மூனு ரோட்டுலதான் கொட்டிட்டு இருந்தாங்க. அதை அன்னைக்கு ஒருத்தரும் நெனவுக்குக் கொண்டு வரல.

ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அத்தையே ஒரு தடவை கேட்டாங்க. அப்பா ஒத்துக்கல. ஆஸ்பத்திரியில நம்ம ஊரு ஆளு நாலு பேரு நிப்பான், ஒருத்தன் வாயில உழுந்தாலும் மடத்துக்குளத்துக்குப் போயிரும், கல்யாணம் நின்னு போயிரும்னு அவருக்குப் பயம். தங்கச்சி மேல இருந்த பாசத்துலதான் அப்படிச் செஞ்சாரு. பாசம் செஞ்ச கேடு பகையாளி கூடச் செய்யமாட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் பதிலா மூலனூர்ப் பக்கத்துல இருந்து ஒரு மந்திரக்காரர் வந்தாரு. வெளிய தெரியாம, ஆளுங்க சாப்பாட்டுக்குப் போற மத்தியான நேரமாப் பார்த்து வரச் சொன்னாங்க. வேப்பந்தழையாலத் தடவினாரு, எலுமிச்சம்பழத்தை நசுக்கினாரு, ஏதோ முணுமுணுத்தாரு. அப்புறம் கட்டியை ரெண்டு கட்டைவெரலாலயும் அமுக்கினாரு. கறுப்பு மணி பொலபொலன்னு வெள்ளைத் துணியில உழுந்துச்சு.

"பாத்துக்கங்க. கழிப்புக் கடுகு. மொளைக்கறதுக்கு எடம் பார்த்துக்கிட்டு உள்ள உக்காந்துட்டு இருக்குது," அப்படின்னாரு.

மொளைக்கறதுன்னு அந்த மனுசன் சொன்ன சொல்லு இருக்குதே, அது என்னைப் புடிச்சு ஆட்டிருச்சுங்க. அத்தை தூங்கறப்போ போர்வையைத் தூக்கிப் பார்ப்பேன், வெரலுக்கு நடுவுல பச்சையா ஏதாச்சும் எட்டிப் பார்க்குதான்னு. அவரு குடுத்த பச்செலையைக் கட்டினாங்க. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை வந்து அமுக்கிட்டுப் போனாரு. ஒரு கண்ணு இருந்த எடத்துல பக்கத்துலயே வேற வேற கண்ணு தொறந்துச்சு. அத்தை எளைச்சுட்டே போனாங்க, கால் மட்டும் பெருத்துட்டே போச்சு. நாங்க ஆக்கிப் போடற சோறெல்லாம் அத்தைக்குப் போகல, அந்தக் காலுக்குத்தான் போகுதுன்னு எனக்குத் தோணும். சாப்பிடறப்போ நான் அதைப் பார்க்கவே மாட்டேன். பார்க்காட்டியும் அது அங்க உக்காந்திருக்கறது தெரியும்.

கட்டு அவுத்த தண்ணியை ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில கொட்டுவாங்க. அந்தக் கறுப்பு மணிகிட்ட எறும்பு வராது. சக்கரைத் தண்ணி மாதிரி எல்லாத்துக்கும் ஓடி வர்ற எறும்பு, அதைக் கண்டா சுத்திப் போகும். எங்க வெள்ளைக் கோழி ஒன்னு கொத்தித் தின்னுருச்சு. அன்னையில இருந்து அம்மா அந்தக் கோழி முட்டையைத் தொடமாட்டாங்க. அது பாட்டுக்கு ரொம்ப நாள் நல்லாத்தான் மேய்ஞ்சுட்டு இருந்துச்சு, சொல்லிப்போடறேன்.

தெக்கத்தி அக்காவுக்கு விசயம் எப்படியோ தெரிஞ்சு போச்சு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல கொழந்தையை இடுப்புல வெச்சுட்டு எங்க ஊட்டுப் பொறவாசல்ல வந்து நின்னாங்க. அம்மா உள்ள வான்னு சொல்லல.

"அக்கா, என்னைய என்ன வேணா சொல்லுங்க. ஆனா தங்கச்சி கால நான் பாத்தேன். எங்க ஊருல எங்க பெரியப்பாவுக்கு இதே மாதிரி வந்துச்சு. இதே கறுப்பு மணிதேன். லேட்டாப் போயி முழங்காலோட எடுத்துட்டாக. சுருக்காக் கூட்டிட்டுப் போங்கக்கா, கும்புடுறேன்."

அப்பா உள்ள இருந்து வந்தாரு. "அப்போ இது உங்க ஊருச் சாமான்தானே," அப்படின்னாரு.

நல்லது சொல்ல வந்த வாயே சாட்சி சொன்ன வாயா மாறிப் போச்சு. அக்காவுக்கு ஒரு ரோசம் வந்துச்சு.

"மொதலாளி, அது கடுகுன்னுதான சொல்றீக? கடுகுன்னா எண்ணெயில போட்டா வெடிக்கணும்ல? போட்டுப் பாருங்க. வெடிச்சா நான் செஞ்சதுன்னே வச்சுக்கிடுங்க. வெடிக்கலன்னா அது கடுகே இல்ல. அப்பறமாச்சும் ஆசுபத்திரிக்குப் போங்க."

அம்மா அடுப்புல எண்ணெய்ச்சட்டியை வெச்சாங்க. அத்தை சொவத்தைப் புடிச்சுட்டு வந்து நெலவுப்படியில உக்காந்தாங்க. மொதல்ல அஞ்சறைப் பெட்டியில இருந்து நெசக் கடுகைப் போட்டாங்க. படபடன்னு வெடிச்சு ஒன்னு என் கன்னத்துல கூடத் தெறிச்சுது. அதை வழிச்சுப் போட்டுட்டு, கட்டுத் துணியில இருந்த கறுப்பு மணியை ஒதறினாங்க.

ஒன்னும் ஆகல. எண்ணெய் பொகைஞ்சுது. மணி எல்லாம் அடியில போய்ப் படுத்துக்கிச்சு. ஒரு சத்தம் இல்லை. தீய்ஞ்ச நெடி கூட இல்லை. கம்பெனியில மிஷின் ஓடாத நேரம் அது. அந்தச் சட்டியைச் சுத்தி நாங்க நின்ன அமைதி இருக்குதே, அப்படி ஒரு அமைதியை நான் அதுக்கப்புறம் எழவு ஊட்டுல கூடப் பார்த்ததில்லை.

தெக்கத்தி அக்கா மொகம் தெளிஞ்சுது. "பாத்தீகளா? கடுகு இல்ல."

அம்மா அடுப்பை உட்டுத் தள்ளி நின்னாங்க. "ஏனுங்க," அப்படின்னு அப்பாவைப் பார்த்தாங்க. "பொரியலீங்க. நெடி கூட வரலீங்க."

இது வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது, நமக்குப் புரியும். சுத்திப் போட்ட மொளகாயை நெருப்புல போட்டா நெடி வரணும். எல்லாரும் இருமிட்டா ஒன்னும் இல்லைன்னு அர்த்தம். நெடி வரலைன்னாத்தான் கண்ணு பலமாப் பட்டிருக்குதுன்னு அர்த்தம். நெடியே வராத மொளகாய்க்கு நம்ம எல்லாரும் பயந்திருக்கோம். அந்தக் கணக்குலதான் எங்க அம்மா கடுகையும் பார்த்தாங்க. பொரிஞ்சிருந்தா சாதாரணக் கழிப்பு. எண்ணெயிலயே பொரியலைன்னா அது எத்தனை பெரிய ஏவலா இருக்கணும்? தப்பு செய்யலைன்னு காட்டறதுக்கு அந்த அக்கா கேட்ட சோதனையே அவங்க கழுத்துக்குக் கயிறாயிருச்சு. எங்க ஊடு மாதிரி ஊட்டுலதான் இப்படி ஒரு தப்பு நடக்கும்னு நான் நெனைச்சு நெனைச்சுத் தலையில அடிச்சுக்கறேன்.

அப்பா சத்தம் போடல. அவரு கோவம் வந்தா கொரல் எறங்கும். "இன்னைக்குப் பொழுதோட ரூமைக் காலி பண்ணிப்போடுங்க," அப்படின்னாரு. அவ்வளவுதான்.

பனியன் அடுக்கற அட்டைப் பெட்டியில அக்கா சாமானை எடுத்து வெச்சாங்க. புருசன் கயிறு போட்டுக் கட்டினாரு, அன்னைக்கு அவரு கை மஞ்சளா இருந்துச்சு. லைன் ஊட்டுக்காரங்க எல்லாம் கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தாங்க. எங்க வாசலைத் தாண்டறப்போ அக்கா நின்னாங்க. அம்மாவைப் பார்க்கல, அப்பாவைப் பார்க்கல. கட்டில்ல இருந்த அத்தையை மட்டும் பார்த்தாங்க.

"தங்கச்சி, ஆசுபத்திரிக்குப் போ. யாரு என்ன சொன்னாலும் நீ போயிரு."

கொழந்தை திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துட்டே போச்சு.

அதுக்கப்புறம் கால் கொறைஞ்சுதுன்னு நெனைக்கறீங்களா? வைகாசி பொறந்ததும் வீக்கம் கணுக்காலைத் தாண்டிருச்சு. மடத்துக்குளத்துக்காரங்களுக்கு எப்படியோ தெரிஞ்சு, பூ வெச்சது பூ வெச்சதோட நின்னு போச்சு. எதுக்குப் பயந்தாங்களோ அதுவும் நடந்துருச்சு, காலும் போயிட்டு இருந்துச்சு. ஒரு நாள் அப்பா சோத்துல கை வெச்ச நேரத்துல அத்தை பேசினாங்க. ரொம்பத் தன்மையாத்தான் பேசினாங்க.

"அண்ணா, என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நான் தவந்துட்டே பஸ் ஏறட்டுங்களா?"

அப்பா சோத்தை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போய் டாக்சி கொண்டு வந்தாரு. கோயமுத்தூருக்கு நானும் போனேன், அத்தை என் கையை உடல. டாக்டரு வயசானவரு. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. கறுப்பு மணியை ஒரு கண்ணாடித் துண்டுல வெச்சுப் பார்த்துட்டு வந்தாரு.

"இது பூஞ்சைம்மா. ஊறுகாய் மேல பூக்குமே, அந்த ஜாதி. மண்ணுல இருக்கும். தோல் கிழிஞ்ச எடமாப் பார்த்து உள்ள போயி, இந்த மாதிரி மணி மணியாக் கட்டிக்கும். பல வருஷம் சத்தமே இல்லாம வளரும். எப்பவாவது இந்த எடத்துல முள் குத்திச்சா? சின்ன வயசுலயா இருந்தாலும் சொல்லுங்க."

அத்தை வாயைத் தொறந்தாங்க. தொறந்துட்டு அப்பாவைப் பார்த்தாங்க.

"இல்லீங்க," அப்படின்னாரு அப்பா. "முள்ளெல்லாம் ஒன்னும் குத்தலீங்க."

அத்தை வாயை மூடிக்கிட்டாங்க. டாக்டரு காலை மெதுவாக் கீழ வெச்சாரு. கட்டி சின்னதா இருக்கறப்பவே வந்திருந்தா அதை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாம், இப்போ எலும்புக்குள்ள எறங்கிருச்சு, இதைக் கொல்லற மருந்து எங்ககிட்ட இல்லைன்னாரு. இப்போ மாத்திரை வந்திருக்குதாம், ஒரு வருசம் அதுக்கு மேலயும் உடாமச் சாப்பிடணுமாம், சின்னதா ஆபரேசனும் பண்ணிக் காலைக் காப்பாத்திடறாங்களாம். என் மருமக போன்ல படிச்சுக் காட்டினா. நான் உள்ள போய் முந்தானையை வாயில வெச்சுட்டு அழுதேன். அப்போ அதெல்லாம் கெடையாது. அத்தை காலைக் கணுக்காலுக்கு மேல எடுத்துட்டாங்க.

டாக்டரு இன்னொன்னும் சொன்னாரு. இந்தச் சீக்குக்கு மதுரைக் கால்னு ஒரு பேரு இருக்குதாம், மொதல்ல அங்க பார்த்து எழுதினதால. எங்கெங்கியோ, தூர தேசத்துல கூட இருக்குதுன்னும் சொன்னாரு, ஆனா அது எங்க அம்மா காதுல ஏறல. ஊட்டுக்கு வந்து, பாத்தீங்களா, டாக்டரே மதுரைங்கறாருன்னாங்க. அன்னைக்கே ஊறுகாய்ச் சாடியெல்லாம் தொறந்து பார்த்து, லேசா வெள்ளை பூத்திருந்ததைக் கூடக் குழி தோண்டிக் கொட்டிட்டாங்க. ரெண்டையும் ஒன்னா நம்பறதுல அவங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

வெட்டின காலை அந்தக் காலத்துல கேட்டா குடுத்துருவாங்க. அப்பா கேட்டு வாங்கிட்டாரு. துணியில சுத்தி, பனியன் அட்டைப் பெட்டியில வெச்சு, மடியில வெச்சுட்டே டாக்சியில வந்தாரு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். குலுங்கறப்போ எல்லாம் பெட்டிக்குள்ள லேசா ஒரு சத்தம் வரும். அப்பா கையை மேல வெச்சு அமுக்கிக்குவாரு, கொழந்தையைத் தட்டிக் குடுக்கற மாதிரி. தோட்டத்து வடக்கு வேலி ஓரமாப் பெத்தவங்களைப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துலயே குழி தோண்டிப் பொதைச்சாரு. அத்தை ஆஸ்பத்திரியில உசுரோட இருந்தாங்க, அவங்க கால் மட்டும் முன்னாடியே போய் மண்ணுக்குள்ள படுத்துக்கிச்சு.

அத்தை ஊட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லதான் அது ஆரம்பிச்சுது. ஆனி மாசக் காத்து அடிச்சுட்டு இருந்துச்சு.

"கண்ணு, கால்ல முள்ளு குத்துது."

"எந்தக் கால்லீங்க அத்தை?"

அவங்க போர்வையைக் காட்டினாங்க. அந்தப் பக்கம் போர்வை தட்டையாக் கெடந்துச்சு.

இருந்தப்போ வலிக்காத கால், போனதுக்கப்புறம் வலிச்சுது. அப்படி ஒரு வலி வரும்னு இப்போ டாக்டருங்க சொல்றாங்க, அதுக்கு வைத்தியமும் இருக்குதாம். எங்களுக்கு அப்போ என்ன தெரியும்? குழியில தண்ணி நின்னா ஜில்லுங்குதும்பாங்க. வேலி ஓரம் ஆடு மேய்ஞ்சா யாரோ மிதிக்கறாங்கம்பாங்க. நான் ஓடிப் போய்ப் பார்ப்பேன். ரெண்டு தடவை நெசமாவே ஆடு நின்னுட்டு இருந்துச்சு. மத்த நேரம் ஒன்னும் இருக்காது, ஆனா அந்த ரெண்டு தடவைதான் எனக்கு இன்னைக்கும் நிக்குது. இப்போ அந்த எடத்துல எங்க பையனோட பேக்கிங் செக்சன். வடக்க இருந்து வந்த பசங்க ஹிந்தியில பேசிட்டுப் பெட்டி பெட்டியா அதுக்கு மேலதான் அடுக்கறாங்க. அத்தை போய்ச் சேர்ந்தும் வருசமாச்சு. இருந்தாலும் ஒரு பெட்டியைத் தொப்புன்னு போட்டா எனக்குத் தூக்கிவாரிப் போடுது.

அந்த நாள்ல ஒரு மத்தியானம் அத்தை எங்கிட்ட சொன்னாங்க. எந்த முள்ளுன்னு.

அப்போ அவங்களுக்கு, இதைச் சொன்னப்போ எனக்கு இருந்த வயசை விடச் சின்ன வயசாம். இட்டேரியில வேலமுள்ளு ஏறிருச்சு. அப்பாதான் மடியில காலை வெச்சுட்டு முள்வாங்கியால இழுத்தாரு. டப்புன்னு ஒடிஞ்சு பாதி உள்ள தங்கிருச்சு. நோண்டினா கொழந்தை அழுகுதேன்னு, அதுவா வெளிய வந்துரும்னு சொல்லி எருக்கம்பாலை உட்டுட்டுத் தூக்கித் தோள்ல வெச்சுட்டு வந்தாராம். கட்டி வந்ததும் அதே எடத்துலதான்.

பாருங்க, முள்ளு ஒடிஞ்சது ஒரு தப்பே கெடையாது. யாருக்கும் ஒடியும். ஆனா டாக்டரு கேட்டப்போ ஆமாங்கன்னு சொல்லியிருந்தா, ஒரு பாவமும் அறியாத ஒருத்தியைக் கைக்கொழந்தையோட தொரத்தி உட்டோம்னு ஆயிரும். அதுக்குத்தான் இல்லீங்கன்னாரு. எங்கப்பா நல்ல மனுசன், ஊரே சொல்லும். அந்த ஒரு இல்லீங்கவுக்காக எனக்கு அவரு மேல இன்னைக்கும் கோவம் இருக்குது.

அத்தை அவரைக் குத்திக் காட்டிப் பேசல. சாப்பிடறப்போ, வெளக்கு வெக்கறப்போ, அவரு அந்தப் பக்கம் போறப்போ எல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான். "அண்ணா, முள்ளு குத்துதுங்க." அப்பா போய்க் குழியைச் சுத்தி வேலி கட்டினாரு. பால் ஊத்தினாரு. ஒரு பட்டப்பகல்ல மம்முட்டியை எடுத்துட்டுப் போனாரு, பாதி தோண்டிட்டு மூடிட்டு வந்துட்டாரு. எதைப் பார்த்தாருன்னு சொல்லல. அன்னைக்கு அவரு சாப்பிடவும் இல்லை. அத்தைக்கு வலி நிக்கல.

அப்புறம் அவருக்கே ஒன்னு மண்டையில ஏறுச்சு. இது அந்தத் தெக்கத்திப் பொம்பளை வயித்தெரிச்சல், அவகிட்டப் போய் மன்னிப்புக் கேட்டாத்தான் தங்கச்சிக்கு முள்ளு நிக்கும்னு. ஆடி பொறக்கறதுக்கு முன்னால ஒரு காலையில வெள்ளை வேட்டி கட்டிட்டு, தேங்காய் பழம் சீலை எல்லாம் பையில வெச்சுட்டுக் கெளம்பினாரு. அந்த அக்கா கொழந்தையை வெச்சு வெளையாடினதால மொகம் எனக்கு நல்லாத் தெரியும்னு என்னையும் கூட்டிட்டுப் போனாரு. திருப்பூர் பஸ் ஸ்டாண்டுல மதுரை பஸ் நின்னுட்டு இருந்துச்சு. ஏறி உக்காந்தோம்.

"எங்கீங்க எறங்கணும்?" கண்டக்டரு கேட்டாரு.

"மதுரைப் பக்கம்."

"மதுரைப் பக்கம்னா? மேலூருங்களா, உசிலம்பட்டிங்களா, திருமங்கலமுங்களா? ஊரைச் சொன்னாத்தான டிக்கெட் கிழிக்க முடியும்."

அப்பா பையை மடியில இழுத்து வெச்சுக்கிட்டாரு.

கண்டக்டரு நல்ல மனுசன். "சரி, ஆளு பேரையாச்சும் சொல்லுங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க நாலு பேரு பஸ்ல இருக்காங்க, கேட்டுப் பார்க்கலாம்."

அப்பா என்னைப் பார்த்தாரு. நான் அவரைப் பார்த்தேன். எங்க லைன் ஊட்டுல இருந்து, எங்க கம்பெனியில வேலை செஞ்சு, எங்க பொறவாசல்ல வந்து கும்பிட்ட ஒருத்திக்கு என்ன பேருன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. அந்தக் கொழந்தை பேரும் தெரியல. எறங்கிட்டோம். பஸ் போயிருச்சு.

ஊட்டுக்கு வந்து அப்பா சட்டையைக் கழட்டிக் கொடியில போட்டாரு. பையைக் கீழ வெச்சுட்டு அத்தை கட்டில் பக்கத்துல தரையில உக்காந்தாரு. அவரு தரையில உக்காந்து நான் பார்த்ததே இல்லை.

"அம்மிணி, அந்த முள்ளை ஒடிச்சு உள்ள உட்டது நாந்தான்."

அத்தை அவரு மொகத்தைப் பார்த்தாங்க.

"தெரியுமுங்கண்ணா. ஒடிஞ்ச சத்தம் எனக்கும் கேட்டுச்சு. அதை எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? அந்தக்காகிட்டப் போய்ச் சொல்லுங்க."

அப்பா எந்திரிச்சு, கழட்டிப் போட்ட சட்டையை எடுத்து மறுபடியும் மாட்டினாரு. பையை எடுத்துட்டு வெளிய போனாரு. எந்த ஊருக்குன்னு தெரியாமயே போனாரு.